மௌனத்திலிருந்து மொழிக்கு: ரமணரின் மீள்வும் படைப்பாற்றல் – மனநலம் பற்றிய பார்வைகளும்

ஆய்வுச் சுருக்கம்

படைப்பாற்றல் மனநோயிலிருந்து பிறக்கிறது என்னும் கருத்து மேலைநாட்டு உளவியலிலும் தற்காலத் தமிழ்த் திறனாய்விலும் வேரூன்றியுள்ளது. அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் (1879–1950) இளமைக்கால நெருக்கடியையும் அவர் இயற்றிய செய்யுள்களையும் கால வரிசையில் வைத்து நோக்கினால் இக்கருத்து பொருந்தி வரவில்லை. நெருக்கடி உச்சத்தில் இருந்த ஆண்டுகள் சொல்லற்றவையாகக் கழிந்தன. உணவு, துணை, பிறர் கேட்ட வினா, யாப்பு ஆகியவை வாய்த்த பின்னரே அவரது செய்யுள்கள் தோன்றின. படைப்பின் ஊற்று நெருக்கடியன்று, நெருக்கடியிலிருந்து மீளும் வழியே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: ரமணர், திருச்சுழி, அட்சரமணமாலை, பித்து, மௌனம், மனநலம், பராமரிப்பு.

1. முன்னுரை

பித்து என்னும் சொல்லுக்குத் தமிழ்ப் பக்தி மரபில் தனி மதிப்பு உண்டு. சுந்தரர் தம் முதற்பதிகத்தை இறைவனைப் பித்தன் என்று விளித்தே தொடங்கினார். காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்று அழைத்துக்கொண்டார். ஈழத்து நல்லூரில் வாழ்ந்த செல்லப்பா சுவாமியை ஊரார் விசர் செல்லப்பா என்றனர். இச்சொற்கள் யாவும் இகழ்ச்சியாகப் பிறந்து புகழாக மாறியவை. எனினும், இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இடையில் அவ்வுடலுக்கு யார் சோறிட்டார், யார் பேச்சுக் கொடுத்தார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்களுக்கு விடை தேடத்தக்க சான்றுகள் மிகுந்த வாழ்வு ரமணருடையது. அவரது இளமை நெருக்கடி, மௌனம், மீள்வு, படைப்பு ஆகிய நான்கிற்கும் பி.வி. நரசிம்மசுவாமி 1931-இலும் ஆர்தர் ஆஸ்பர்ன் 1954-இலும் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுகளில் விரிவான குறிப்புகள் உள்ளன. அவற்றையும் ரமணரின் செய்யுள்களையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் முறை. நோயின் பெயரைச் சூட்டுவது இதன் நோக்கமன்று. மறைந்த ஒருவரைப் பிறர் எழுதிய வரலாற்றைக் கொண்டு நோயறிதல் செய்வது மருத்துவத்திற்கும் திறனாய்விற்கும் ஏற்புடையதாகாது.

2. இரு பார்வைகளும் அவற்றின் குறையும்

மேதைமையையும் பித்தையும் இணைத்து இத்தாலிய மருத்துவர் சேசரே லோம்புரோசோ 1864-இல் நூல் வெளியிட்டார். அதன்பின் இக்கருத்து பல வடிவங்களில் தொடர்ந்தது. 1987-இல் நான்சி ஆண்ட்ரியாசென் அமெரிக்காவின் அயோவா எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களையும் வேறு தொழில்களைச் சேர்ந்த 30 பேரையும் ஒப்பிட்டார். எழுத்தாளருள் 80 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு காலத்தில் மனநிலைப் பிறழ்வுக்கு ஆளாகியிருந்தனர். மற்றவருள் 30 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர். இம்முடிவு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஆயின் அதே எழுத்தாளர்கள் சோர்விலும் மிகை எழுச்சியிலும் தங்களால் எழுத முடிந்ததில்லை என்றும், மனம் சமநிலையில் இருந்தபோதே எழுதியதாகவும் கூறிய செய்தி அத்துணை பரவவில்லை. 2011-இல் சுவீடனில் ஏறத்தாழ 3 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு கியாகாவும் உடனாய்வாளரும் நடத்திய ஆய்வு மற்றொரு நுட்பத்தை வெளிக்கொணர்ந்தது. படைப்புத் தொழில்களில் இருமுனைப் பிறழ்வு உடையோர் மிகுதியாக இருந்தனர். மனச்சிதைவு நோயாளிகளோ அவ்வாறு மிகுதியாக இல்லை. நோயற்ற அவர்தம் உடன்பிறந்தோரே மிகுந்திருந்தனர். ஆகவே, நோய் முற்ற முற்றப் படைப்பு வளரும் என்னும் எளிய சமன்பாட்டிற்கு ஆய்வுகளில் ஆதரவு இல்லை.

தமிழ்ச் சூழலில் இச்சமன்பாடு வேறு உருவில் நிலவுகிறது. மனநோயோடு போராடி 1984-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்ட கவிஞர் ஆத்மாநாமின் கவிதைகளை அவரது இறப்பிலிருந்து பின்னோக்கிப் படிக்கும் போக்கு இதற்குச் சான்று. அவ்வாறு படிக்கையில், 'ழ' இதழை நடத்திய ஆசிரியராகவும் அங்கதம் கைவரப்பெற்ற கவிஞராகவும் அவர் ஆற்றிய பணி பின்னுக்குச் செல்கிறது.

ரமணரைப் பற்றிய எழுத்துகளில் இதற்கு மறுதலையான போக்கு காணப்படுகிறது. 1896-ஆம் ஆண்டு நிகழ்வு ஒரே கணத்தில் முற்றுப்பெற்ற ஞானமாகவும், பின்வந்த செய்யுள்கள் அதன் வழிந்தோட்டமாகவும் விளக்கப்படுகின்றன. ஒரு பார்வை படைப்பை நோய்க்குறியாக்குகிறது, மற்றது அற்புதமாக்குகிறது. இவ்விரு பார்வைகளிலும் 1896-க்கும் முதன்மையான செய்யுள்கள் தோன்றிய 1914-ஐ ஒட்டிய காலத்திற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 18 ஆண்டுகள் விடுபட்டுப்போகின்றன.

3. திருச்சுழியும் குடும்ப மரபும்

குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழி, பாண்டிநாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்று. சுந்தரர் இதனைத் திருச்சுழியல் என்று பாடியுள்ளார். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே விரியும் இந்நிலம் வானத்தை நம்பிய மானாவாரி நிலம். கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையேல் பருத்தியும் சிறுதானியமும் என்பதே இதன் வேளாண்மை. சென்னை மாகாணத்தை வாட்டிய 1876–78 பெரும்பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டில், 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் இவ்வூரில் பிறந்தார். தந்தை சுந்தரமையர் வழக்குரைத்து வாழ்ந்தவர், தாய் அழகம்மாள். 1892-இல் தந்தை இறக்க, குடும்பம் பிரிந்தது. வேங்கடராமன் மதுரையில் சிற்றப்பன் வீட்டில் தங்கிப் பயின்றார்.

இக்குடும்பத்தில் ஒரு வழக்குரை இருந்தது. பிச்சை மறுக்கப்பட்ட துறவி ஒருவர் இட்ட சாபத்தால் தலைமுறைக்கு ஒருவர் துறவியாவர் என்பது அது. சுந்தரமையரின் சிற்றப்பன் துறவு பூண்டார். அவரின் தமையனும் வீட்டைவிட்டுச் சென்று திரும்பாது போனார். இன்றைய மனநல மருத்துவர் இச்செய்தியைக் குடும்ப நோய் வரலாறு என்னும் கட்டத்தில் எழுதக்கூடும். அக்குடும்பமோ அதனைச் சாபம் என்றும், பின்னர்ப் பேறு என்றும் சொல்லிற்று. இவற்றுள் எது உண்மை என்பதைக் காட்டிலும், வீட்டைவிட்டு அகலும் மகனுக்கு முன்னரே ஓர் இடமும் பெயரும் அம்மரபில் இருந்தன என்பதே இங்கு முக்கியம். பெயரற்ற துன்பத்தைவிடப் பெயருள்ள துன்பத்தைத் தாங்குவது எளிது.

4. நெருக்கடியும் மௌனமும்

1896 ஜூலையில், 16 வயதில், மதுரை வீட்டின் மாடியறையில் நோய் ஏதுமின்றி வேங்கடராமனைத் திடீரென இறப்பச்சம் பற்றியது. அவர் உதவிக்கு எவரையும் அழைக்கவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, இறப்பைத் தம் உடலில் நடித்துப் பார்த்து, இறப்பது எது என்று உசாவினார். நரசிம்மசுவாமியின் நூலில் இந்நிகழ்வு தன்மை நடையில் அமைந்திருந்தாலும், அது பல உரையாடல்களிலிருந்து நூலாசிரியர் தொகுத்த வடிவம் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. அதன்பின் விளையாட்டிலும் படிப்பிலும் நாட்டம் அற்றது. உணவில் விருப்பு வெறுப்பு மறைந்தது. மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்து மூவர் திருவுருவங்களின்முன் கண்ணீர் வடித்து நிற்பது வழக்கமாயிற்று.

ஆகஸ்ட் 29 அன்று, ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை படியெடுக்கும் தண்டனையை முடிக்காமலே அவர் வீட்டைவிட்டு நீங்கினார். விட்டுச் சென்ற கடிதம் நுண்ணிய வாசிப்புக்கு உரியது. அதில் எழுதுபவர் முதலில் நான் என்று தம்மைச் சுட்டுகிறார். அடுத்த தொடர்களில் அது இது என்று அஃறிணையாகிறது. கையொப்பம் வரவேண்டிய இடத்தில் கோடு மட்டும் உள்ளது. தன்மையிலிருந்து அஃறிணைக்கும் அங்கிருந்து பெயரின்மைக்கும் நகரும் இக்கடிதத்தில் மொழியே படிப்படியாகக் குறைகிறது.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தபின் மொழி முற்றும் நின்றது. ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்தவர்மீது சிறுவர் கல்லெறிந்தனர். சின்னச் சேஷாத்திரி என்று கேலி செய்தனர். அவர் பாதாளலிங்கக் குகைக்குள் சென்றார். அங்கே பூச்சிகள் கடித்துத் தொடைகளில் புண் வைத்தது. உணவு பிறர் ஊட்டினாலன்றி உள்ளே செல்லவில்லை. இக்காலத்தில் அவர் செய்யுள் இயற்றியதாக வாழ்க்கை வரலாறுகள் கூறவில்லை. அனுபவத்தின் ஆழத்தை அடியார் எவ்வளவு உயர்த்திக் கூறினும், உளவியலார் எவ்வளவு ஐயுற்று நோக்கினும், அவ்வாழத்தில் கவிதை இல்லை என்பது இரு சாராரும் ஏற்கவேண்டிய செய்தி.

5. முதல் எழுத்து: ஓர் ஊர்ப்பெயர்

ஊரார் பித்தர் எனக் கருதிய சேஷாத்திரி சுவாமிகளே கல்லெறிந்த சிறுவரிடமிருந்து அவரைக் காத்தார். கோயிலில் இருந்தோர் அவரைக் குகையிலிருந்து தூக்கி வெளியே கொணர்ந்தனர். 1897-இல் அவர் குருமூர்த்தத்திற்குச் சென்றபின், மலையாள நாட்டைச் சேர்ந்த பழனிசுவாமி உடனிருந்து உணவளித்து, உடலைப் பேணி, ஏறத்தாழ இரு பத்தாண்டுகள் பணிவிடை செய்தார். படைப்பு மலர்ந்த காலத்தை ஆராய்வோர் பழனிசுவாமியின் உழைப்பை அடிக்குறிப்பாக ஒதுக்குதல் முறையன்று.

குருமூர்த்தத்தில் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரையின் மையச் சான்று. தாலுகா அலுவலகக் கணக்கர் ஒருவர் நாள்தோறும் வந்து வழிபட்டார். இளைஞரின் பெயரையும் ஊரையும் அறியாமல் தாம் உண்ணப்போவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். பிறர் பசித்திருப்பதைப் பொறாமல் அவ்விளைஞர் வேங்கடராமன், திருச்சுழி என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். ழகரத்தை ஆங்கில எழுத்தில் கண்ட கணக்கருக்கு ஊர் விளங்கவில்லை. அருகிருந்த பெரியபுராணத்தை எடுத்து, அதில் திருச்சுழி என்னும் சொல்லில் ழகரம் வரும் இடத்தைச் சுட்டிக் காட்டினார் மௌனியான இளைஞர். அது சுந்தரர் பாடிய தலம் என்பதும் இவ்வாறு தெரியவந்தது.

மதுரைக் கடிதத்தில் கையொப்பமின்றிக் கோடாக நின்ற இடத்தை இங்கே பெயரும் ஊரும் நிரப்புகின்றன. மீள்வின் முதல் எழுத்துக்கு மூன்று துணைகள் அமைந்தன: தமக்காகப் பட்டினி கிடக்கத் துணிந்த ஒருவர்; பிறந்த ஊரின் பெயர்; அவ்வூரை ஏற்கெனவே சொல்லில் ஏற்றிவைத்திருந்த ஒரு தமிழ் நூல். உறவு, நிலம், இலக்கியம் என்று அவற்றைத் தொகுத்துரைக்கலாம். பிற்காலத்தில் அருணாசல நவமணிமாலையின் ஒரு செய்யுளில் ரமணர் தாம் பிறந்த பூமிநாதர் தலத்தையும் பெற்றோரையும் குறித்து, உலக வாழ்வின் துயரிலிருந்து தம்மை இறைவன் மீட்டதாகப் பாடுவது இம்முதல் எழுத்தின் விரிவாகவே தோன்றுகிறது.

6. வினாவும் வேண்டுகோளும்

பின்வந்த எழுத்துகளில் பெரும்பாலானவை பிறரின் தூண்டுதலால் எழுந்தவை. 1898-இல் தாய் வந்து அழுது அழைத்தபோது, உடனிருந்தோர் வற்புறுத்தியதனாலேயே ஊழைப் பற்றிய விடையை அவர் தாளில் எழுதினார். 1900-ஐ அடுத்த ஆண்டுகளில் கம்பீரம் சேஷையர் கேட்ட ஐயங்களுக்குத் துண்டுத்தாள்களில் எழுதிய விடைகள் விசார சங்கிரகமாயின. சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்கு அளித்த விடைகள் 'நான் யார்?' ஆயின. 1914-ஐ ஒட்டி, பிச்சைக்குச் செல்லும் சாதுக்கள் பாடிச் செல்வதற்குத் தனிப்பாட்டு வேண்டும் என்று கேட்டதனால் 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலை தோன்றியது. கண்ணிகள் தமிழ் எழுத்து வரிசையில் அமைந்துள்ளன. இராமநாதபுரத்தைச் சேர்ந்த புலவர் முருகனார் வேண்டியதால் 1927-இல் உபதேச உந்தியாரும், அவரது தூண்டுதலோடு 1928-இல் உள்ளது நாற்பதும் உருவாயின. தாய் மலையில் வந்து அப்பளம் இட உதவி கேட்டபோது பிறந்ததாகக் கூறப்படும் அப்பளப் பாட்டு, உளுந்தையும் வறண்ட நிலத்து வேலியில் படரும் பிரண்டையையும் ஞானப் பொருள்களாக்குகிறது.

தாய்க்கு அளித்த இரு எதிர்வினைகளை ஒப்பிட்டால் மாற்றம் தெளிவாகும். 1898-இல் அவர் எழுதியது பொதுமையான ஊழ்க் கோட்பாடு. தாயின் அழுகைக்கு அதில் இடமில்லை. 1914-இல் தாய் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தபோது, உடனிருந்து பணிவிடை செய்ததோடு, தாயின் வெப்பம் தணிய அருணாசலனை வேண்டிச் செய்யுள்களும் இயற்றினார். அட்சரமணமாலையின் இரண்டாம் கண்ணியில் அழகு, சுந்தரம் என்னும் இரு சொற்கள் பிரிவற்ற ஒன்றிப்புக்கு உவமையாகின்றன. அவை பெற்றோரின் பெயர்கள் என்பதை உரைகாரர்கள் குறித்துள்ளனர். தந்தையை இழந்து தாயைப் பிரிந்த மகன், அவ்விழப்பை மறைக்கவும் இல்லை, முறையிடவும் இல்லை. யாப்பில் இணைத்து வைத்தார்.

இவ்வடிவம் தமிழுக்குப் புதிதன்று. ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் பல ஆண்டுகள் பேசாதிருந்த நம்மாழ்வாரை மதுரகவியின் வினாவே பேச வைத்தது என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அதனை வரலாறாகக் கொள்ளாவிடினும், மௌனம், வினா, பாடல் என்னும் வரிசையைத் தமிழ் மரபு முன்னரே கண்டிருந்தது எனலாம். படைப்பு ஒருவரின் தனித்த பிறழ்விலிருந்து பொங்குவதாக மரபு கருதவில்லை. கேட்பவர் ஒருவர் வந்து சேர்வதை அது நிபந்தனையாக வைத்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அருணாசல பதிகத்தின் தொடக்கச் சொற்கள் எவரும் கேளாமல் தாமே உள்ளத்தில் எழுந்து, எழுதும்வரை விலகவில்லை என்று ரமணரே கூறியுள்ளார். இம்மறுப்பு வலுவானது. ஆயினும் அச்சொற்கள் பாதாளலிங்கக் குகையில் எழவில்லை; விரூபாட்சி குகையில் துணையும் நூல்களும் உரையாடலும் நிறைந்த நாளில் எழுந்தன. 1912-இல் ஆமைப்பாறையருகே அவர் உடல் மீண்டும் இறந்தாற்போல் ஆகித் தெளிந்த நிகழ்வில் பழனிசுவாமியும் வாசுதேவ சாஸ்திரியும் உடனிருந்தனர். சாஸ்திரி அவரைத் தழுவிக்கொண்டு அழுதார். 1896-இல் மாடியறையில் எவரும் இல்லை. இரண்டாம் நிகழ்வுக்குப் பின்னரே அவர் புற வாழ்வுக்கு முழுமையாகத் திரும்பியதாக ஆஸ்பர்ன் கருதுவதும் இங்கு எண்ணத்தக்கது.

7. பித்தும் தெளிமருந்தும்

அட்சரமணமாலையின் ஒரு கண்ணி பித்து என்னும் சொல்லை மூன்று நிலைகளில் ஆள்கிறது. உலகின்மீது இருந்த பித்தை இறைவன் நீக்கினான். அடுத்து அடியவரைத் தன்னையொத்த பித்தனாக்கினான். இனி அப்பித்தும் தெளிவதற்கான மருந்தை அருளவேண்டும் என்பது அதன் கருத்து. சுந்தரரிடம் இறைவனைச் சுட்டிய சொல் இங்கே அடியவருக்கும் உரியதாகிறது. மரபிலிருந்து ரமணர் விலகும் இடம் மூன்றாம் நிலையாகும். பித்தைப் பேறாகக் கொண்டாடி நிறுத்தாமல், அது தெளியவேண்டும் என்று அவர் கேட்கிறார். பித்தே கவிதையின் ஊற்று என்று கருதும் கவிஞர் அதற்கு மருந்து கேட்கமாட்டார். மருந்து கேட்கும் குரலும் எழுத்து வரிசையில் ஒழுங்குற்ற ஒரு பாட்டில், பிச்சைக்குச் செல்வோர் கூடிப் பாடும் மெட்டில் ஒலிக்கிறது என்பது கருதத்தக்கது.

8. பராமரிப்பு யாருக்கு?

இம்மீள்வை முன்மாதிரியாக்கும் முன் அதன் சமூக எல்லையையும் குறிக்கவேண்டும். ரமணர் பெற்ற பராமரிப்பு எல்லோருக்கும் கிட்டுவதன்று. பேசாமல் அமர்ந்த பிராமண இளைஞரைத் துறவியாக ஏற்கக் கோயில் நகரம் ஆயத்தமாக இருந்தது. அதே நிலையில் ஓர் உழைக்கும் குடும்பத்துப் பெண் அம்மண்டபத்தில் அமர்ந்திருந்தால் அவளுக்குக் கல்லெறி மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும்.

1910 முதல் 1985 வரை திருச்சுழியும் ஏர்வாடியும் ஒரே இராமநாதபுர மாவட்டத்தில் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தனர். அவர்களுள் எவரிடம் என்ன சொல் இருந்தது என்பதை எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. பித்தையும் படைப்பையும் இணைத்துப் புகழும் திறனாய்வு இம்மனிதரைக் காண்பதில்லை; படைத்தவரை மட்டுமே அது எண்ணுகிறது. மருந்தும் சிகிச்சையும் படைப்பைக் கெடுக்கும் என்னும் நம்பிக்கையும் இப்புகழ்ச்சியின் வழிவந்ததே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடைசெய்து, சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. பேச்சற்றவரிடம் பேர் கேட்கவும் ஊர் கேட்கவும் ஒருவர் வேண்டும் என்பதைச் சட்டம் மட்டும் நிறைவேற்ற இயலாது.

9. நிறைவுரை

ரமணரின் வாழ்வும் எழுத்தும் படைப்பாற்றலுக்கும் மனநலத்திற்கும் இடையிலான உறவைப் பற்றி மூன்று முடிவுகளுக்கு இடமளிக்கின்றன. முதலாவது, நெருக்கடியின் உச்சமும் படைப்பின் உச்சமும் ஒரே காலத்தவை அல்ல. இடையில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் உள்ளன. இரண்டாவது, அவ்விடைக்காலத்தை நிரப்பியவை பிறரின் உழைப்பும் வினாக்களும் மரபு அளித்த வடிவங்களும் ஆகும். மூன்றாவது, கவிஞரே பித்தைத் தெளிய வேண்டிய ஒன்றாகக் கண்டார். ஆகவே நெருக்கடிக்கு ஆளான படைப்பாளரை ஆராய்வோர், துன்பம் எவ்வளவு ஆழமானது என்று அளப்பதோடு நில்லாமல், அவர் சொல்லுக்குத் திரும்பிய வழியில் யார் யார் நின்றனர் என்பதையும் ஆராயவேண்டும். ஆத்மாநாம் முதலிய தற்காலக் கவிஞர்களையும் இவ்வளவுகோலைக் கொண்டு மீண்டும் படிப்பது தமிழ்த் திறனாய்வுக்குப் பயன்தரும்.